திருத்தணிக்காரர் படித்த சீனா

செப்டம்பர் 5 வந்துவிட்டால் எங்க பக்கத்துல ஒரு தனிப் பெருமை. ஆசிரியர் தினம் நாடு முழுக்கக் கொண்டாடுறதுதான். ஆனா அந்த நாளுக்குக் காரணமான மனுஷர் 1888-ல் பிறந்தது திருத்தணியில. ஆர்.கே.பேட்டையில பஸ் ஏறினா கொஞ்ச நேரத்துல போய்ச் சேர்ற ஊர். ஒவ்வொரு வருஷமும் பள்ளிக்கூட மேடைகளில் அதே பேச்சு. ஏழைக் குடும்பம், உபகாரச் சம்பளத்தில் படிப்பு, ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியர், துணைக் குடியரசுத் தலைவர், குடியரசுத் தலைவர். கைதட்டல். மிட்டாய். முடிந்தது.

டாக்டர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1944 மே மாதம் சீனாவுக்குப் போய், சீனர்கள் முன்னால் நின்று, சீனத் தத்துவத்தைப் பற்றியே சொற்பொழிவு ஆற்றிவிட்டு வந்தார் என்பதை எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை. கொல்லத் தெருவில் ஊசி விற்ற மாதிரின்னு சொல்லுவாங்களே, அந்தத் துணிச்சல்! அந்தப் பேச்சுகள் அதே வருஷம் 'இந்தியாவும் சீனாவும்' என்ற பொருள் வரும் தலைப்பில் ஆங்கிலப் புத்தகமாக வந்தன. சின்னப் புத்தகம்தான். இந்தப் பதிவு அதைப் பற்றித்தான்.

முன்னாடியே ஒண்ணு சொல்லிடறேன். நம்ம ஊர்க்காரர் என்பதற்காகத் தலையில் தூக்கி வைக்கவும் இல்லை, பெரிய மனுஷரை மட்டம் தட்டிப் பெயர் வாங்கவும் இல்லை. அவர் சீனத்தைப் படித்த விதத்தில் எனக்கு ஒரு பெரிய மரியாதையும், ஒரு பெரிய தகராறும் உண்டு. ரெண்டையும் எழுதணும்.

அது என்ன காலம் என்று முதலில் பாருங்கள். ஜப்பான் சீனாவின் கிழக்குப் பகுதியைப் பிடித்து வைத்திருக்கிறது. பர்மாவும் அதன் கையில். சீன அரசு உள்நாட்டுக்குள்ளே ஒதுங்கி, சோங்கிங்கைத் தலைநகராக வைத்துக்கொண்டு போராடிக்கொண்டிருக்கிறது. இந்தப் பக்கம் நாம் இன்னும் வெள்ளைக்காரன் ஆட்சியில். இரண்டு நாடுகளுக்கும் அடி. அந்த நேரத்தில் சீன அரசின் அழைப்பின்பேரில் போகிற ஒருத்தர் என்ன பேசுவார்? 'நீயும் நானும் ஒண்ணு' என்றுதான் பேசுவார். பேசினார்.

புத்தகத்தின் அத்தியாயங்களைப் பார்த்தாலே அவர் பார்வை தெரியும். சீனாவும் இந்தியாவும், சீனர்களின் கல்வி லட்சியங்கள், கன்ஃபூசியம், தாவோயிசம், புத்தரும் அவர் போதனையும், சீனாவில் பௌத்தம், கடைசியில் போரும் உலகப் பாதுகாப்பும். கன்ஃபூசியத்துக்கும் தாவோயிசத்துக்கும் அவர் போட்ட தலைப்பு 'சீனாவில் சமயம்'. கவனிங்க, தத்துவம் இல்லை, சமயம்.

அவர் சொன்னதை என் வார்த்தையில் சுருக்கினால் இப்படி வரும். கன்ஃபூசியஸ் பெரிய ஒழுக்க ஆசான். குடும்பம், சமூகம், அரசு மூன்றுக்கும் முறை வகுத்தவர். ஆனால் மனுஷனுக்குள் இருக்கிற ஆன்மிகத் தாகத்துக்கு அது மட்டும் போதாது. தாவோ அந்தத் தாகத்தைத் தொடுகிறது, நம் உபநிடதங்கள் பேசுகிற பரம்பொருளின் சாயலும் யோகத்தின் சாயலும் அதில் தெரிகின்றன. மிச்சமிருந்த இடைவெளியை இந்தியாவிலிருந்து போன பௌத்தம் நிரப்பியது. ஆக எல்லா ஆறும் ஒரே கடலுக்கு.

கேட்க அழகாகத்தான் இருக்கு. ஏன் அப்படிப் படித்தார் என்பதும் எனக்குப் புரிகிறது. சென்னை கிறிஸ்துவக் கல்லூரியில் மாணவராக இருந்தபோது, வேதாந்தத்தில் ஒழுக்கத்துக்கு இடமே இல்லை என்று சுற்றிலும் விமர்சனம். அதற்குப் பதில் சொல்வது போலத்தான் 1908-ல் வேதாந்தத்தின் அறநெறி பற்றி எம்.ஏ. ஆய்வேடு எழுதினார். அதாவது இருபது வயசில் வக்கீல் கோட்டு மாட்டினவர். அந்தக் கோட்டை அவர் கடைசி வரைக்கும் கழற்றவே இல்லை என்பது என் அபிப்பிராயம். ஐரோப்பாவில் ஹெகல் மாதிரிப் பெரிய தலைகளே, கன்ஃபூசியஸிடம் இருப்பது சாதாரண நீதிபோதனை, அதில் தத்துவம் என்று ஒன்றும் இல்லை என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். 'கிழக்கில் என்ன இருக்கிறது?' என்று கேட்கிற உலகத்தில் 'எங்ககிட்டயும் இருக்கு, அவங்ககிட்டயும் இருக்கு, உங்களுக்குச் சமமா இருக்கு' என்று எழுந்து நின்று சொல்ல ஒரு ஆள் வேண்டியிருந்தது. திருத்தணிக்காரர் நின்றார். மரியாதை இதற்குத்தான்.

இனி தகராறு.

எங்க ஊர்ப் பக்கம் வந்து பார்த்தால் இது சுலபமாகப் புரியும். ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டு, திருத்தணி எல்லாம் ஆந்திரா வாசலில் இருக்கிற ஊர்கள். 1911-லிருந்து சித்தூர் மாவட்டம். 1953-ல் ஆந்திரா தனி மாநிலம் ஆனபோது அதோடு போனோம். ம.பொ.சி. போன்றவர்கள் நடத்திய போராட்டம், அப்புறம் படாஸ்கர் தீர்ப்பு, கடைசியில் 1960 ஏப்ரல் 1-ம் தேதி சென்னை மாகாணத்தில் சேர்ந்தோம். வீட்டுக்கு வீடு தமிழும் தெலுங்கும் கலந்துதான் கிடக்கும். ராதாகிருஷ்ணனும் தெலுங்குக் குடும்பத்துப் பிள்ளைதான்.

இங்கே புதுசா வருகிறவர்கள் முதலில் மாட்டிக்கொள்கிற வார்த்தை 'அவசரம்'. தெலுங்கில் 'அவசரம் லேது' என்றால் 'தேவையில்லை, வேண்டாம்' என்று அர்த்தம். நம்மாள் காதில் அது 'ஒண்ணும் அவசரமில்லை, மெதுவாக் கொடுங்க' என்று விழும். வேண்டாம் என்று சொன்னவனுக்காகச் சரக்கை எடுத்து வைத்துவிட்டுக் காத்துக்கிட்டு இருப்பான். ஒரே வார்த்தை, ஒரே உச்சரிப்பு. அதனாலேயே வம்பு. வார்த்தை வேறயா இருந்திருந்தால் 'என்னங்க சொன்னீங்க?'ன்னு கேட்டிருப்பான். ஒண்ணாத் தெரிஞ்சதால கேட்கலை.

தாவோவும் பிரம்மமும் எனக்கு அப்படிப்பட்ட 'அவசரம்' என்றுதான் படுகிறது.

பிரம்மம் மாறாதது. மாறுகிற உலகத்துக்கு அடியில் மாறாமல் நிற்பது. தாவோ என்ற சொல்லுக்கு நேரடி அர்த்தம் 'வழி'. அது நடக்கிற வழி, ஓடுகிற வழி. லாவோட்சு பெயரில் இருக்கிற அந்தச் சின்ன நூலைப் பொறுமையாகப் படித்தால் பக்கத்துக்குப் பக்கம் ராஜாவுக்குப் புத்தி சொல்வதாகத்தான் இருக்கும். வரியைக் குறை, சட்டத்தைக் குவிக்காதே, பெரிய நாட்டை ஆள்வது சின்ன மீன் பொரிக்கிற மாதிரி, ரொம்பத் திருப்பினால் உடைந்துவிடும் என்கிற ரகம். தவம் பண்ண உட்கார்ந்தவனுக்குச் சொன்னது மட்டும் இல்லை அது, சிம்மாசனத்தில் உட்கார்ந்தவனுக்கும் சொன்னது. 'சமயம்' என்ற தலைப்பின் கீழே போட்டால் இந்த அரசியல் பாதி காணாமல் போகிறது.

சுவாங் ட்சு கண்ட பட்டாம்பூச்சிக் கனவு உங்களில் பல பேருக்குத் தெரிந்திருக்கும். பட்டாம்பூச்சியாகக் கனவு கண்டேன், விழித்தபின் நான் கனவு கண்ட மனுஷனா, இல்லை இப்போது மனுஷனாகக் கனவு காண்கிற பட்டாம்பூச்சியா என்று கேட்பார். நம்ம ஊர்ப் பிரசங்கத்தில் இதைச் சொன்னால் அடுத்த வரி 'ஆக உலகம் மாயை' என்று வந்துவிடும். அவர் அங்கே போகவே இல்லை. கனவுக்கு மேலே ஒரு நிஜம் இருக்கு, அதற்கு ஏறிப் போ என்று சொல்லவில்லை. ஒன்று இன்னொன்றாக மாறிக்கொண்டே இருக்கு, அவ்வளவுதான் என்று விட்டுவிடுகிறார். நமக்கு ஏணி வேண்டும். அவர் ஏணியே வைக்கவில்லை.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், தலைப்பே கிடைக்காமல் போனவர்கள்.

கி.மு. 475-லிருந்து 221 வரைக்கும் சீனத்தில் ஏகப்பட்ட சிற்றரசுகள் ஒன்றையொன்று கடித்துக் குதறிக்கொண்டிருந்தன. அந்தக் கலவரத்தில்தான் 'நூறு பள்ளிகள்' என்று சொல்லப்படுகிற அத்தனை சிந்தனைகளும் முட்டி மோதின. பின்னால் கி.மு. 2-ம் நூற்றாண்டில் சீமா தான் என்ற அரசவை அறிஞர் அதை ஆறாகப் பிரித்தார். யின்-யாங்காரர்கள், கன்ஃபூசியர்கள், மோ ட்சுவின் ஆட்கள், சொல்லுக்கும் பொருளுக்கும் என்ன உறவு என்று குடைந்த பெயர்வாதிகள், சட்டவாதிகள், தாவோகாரர்கள். இந்தப் பிரிவினையே பின்னால் வந்தவர் ஒட்டிய சீட்டுதான். நம்ம சங்கப் புலவர்கள் யாருக்கும் தாங்கள் எட்டுத்தொகைக்குள் வரப்போகிறோம் என்று தெரியாதில்லையா, அந்த மாதிரி. ஆனாலும் சீமா தானுடைய பட்டியலில் ஆறு பேருக்கும் நாற்காலி இருந்தது. 1944 புத்தகத்தில் தனி நாற்காலி கிடைத்தது ரெண்டு பேருக்கு. விருந்தாளியாகப் போன பௌத்தத்துக்கு ரெண்டு அத்தியாயம்.

நாற்காலி கிடைக்காதவர்களில் மோ ட்சுவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லணும். என் மனசுக்குப் பிடித்தவர் என்பதால் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கங்க.

கி.மு. 5-ம் நூற்றாண்டுக்காரர். தன் வீடு, தன் ஊர், தன் நாடு என்று பாராமல் எல்லோரிடமும் ஒரே அளவு அக்கறை வை என்றவர். ஆடம்பர ஈமச்சடங்கை எதிர்த்தார். தலைவிதி என்ற பேச்சையே எதிர்த்தார். அடுத்த நாட்டின் மேல் படையெடுப்பது திருட்டை விடப் பெரிய குற்றம் என்றார். வெறும் வாய்ப்பேச்சு இல்லை. கோட்டைகளைக் காக்கிற தொழில்நுட்பத்தில் அவரும் அவர் சீடர்களும் கில்லாடிகள். சூ என்ற பெரிய நாடு, சோங் என்ற சின்ன நாட்டைத் தாக்க ஏணிப்பொறிகள் தயார் செய்கிறது என்று கேள்விப்பட்டு, பத்துப் பகல் பத்து ராத்திரி நடந்தே போனாராம். ராஜா முன்னால் இடுப்புவாரைக் கழற்றித் தரையில் கோட்டை மாதிரி வைத்தார். பொறி செய்த தச்சன் ஒன்பது விதமாகத் தாக்கிக் காட்டினான். ஒன்பதையும் இவர் தடுத்துக் காட்டினார். 'என்னைக் கொன்றாலும் பிரயோஜனமில்லை, என் சீடர்கள் முந்நூறு பேர் ஏற்கெனவே சோங் மதில் மேல் நிற்கிறார்கள்' என்றார். போர் நின்றது. திரும்பி வரும் வழியில் அதே சோங் ஊர் வாசலில் மழைக்கு ஒதுங்கப் போனால் காவல்காரன் உள்ளே விடவில்லையாம்! ஊரையே காப்பாற்றிய ஆள் என்று அவனுக்குத் தெரியாது. இப்படி ஒரு கதையை எழுதிவைத்த ஆட்களுக்கு உலகம் எப்படி நடக்கும் என்று நன்றாகவே தெரிந்திருக்கிறது.

இப்போ முக்கியமான இடத்துக்கு வர்றேன்.

கன்ஃபூசியஸிடம் ஒரு பிரபு பெருமையாகச் சொல்கிறார்: எங்க ஊரில் நேர்மையான ஒருத்தன் இருக்கான், அப்பன் ஆட்டைத் திருடினபோது மகனே சாட்சி சொன்னான். கன்ஃபூசியஸ் அதை மெச்சவில்லை. எங்க ஊரில் நேர்மை வேறு மாதிரி, அப்பன் மகனை மறைப்பான், மகன் அப்பனை மறைப்பான், நேர்மை அதற்குள்ளேதான் இருக்கு என்கிறார். குடும்ப பாசம் அழிந்தால் மற்ற எந்த ஒழுக்கத்துக்கும் வேர் இல்லை என்பது அவர் நியாயம். யோசிக்க வேண்டிய நியாயம்தான்.

ஆனால் தமிழ்நாட்டில் நாம் யாருக்குச் சிலை வைத்திருக்கிறோம்? மனுநீதிச் சோழனுக்கு. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்திலேயே நிற்கிறார். கன்று செத்ததற்காகப் பெற்ற மகன் மேலேயே தேரை ஏற்றியவர். கன்ஃபூசியஸ் திருவாரூர் பக்கம் வந்திருந்தால் இந்தக் கதையைக் கேட்டு முகம் சுளித்திருப்பார். 'என்ன அப்பன்யா இவன்?' என்றிருப்பார். நாமோ கன்ஃபூசியஸையும் வள்ளுவரையும் பக்கத்துப் பக்கத்தில் படம் போட்டு 'ரெண்டு பேரும் ஒன்றையே சொன்னார்கள்' என்று மேடையில் பேசிக்கொண்டு இருக்கிறோம்.

மனுநீதிச் சோழனுக்குச் சீனத்தில் சொந்தக்காரர் ஒருத்தர் உண்டு. மோ ட்சு கூட்டத்தின் தலைவராக இருந்த ஃபூ துன். சின் நாட்டில் வாழ்ந்தவர். அவர் மகன் ஒருத்தனைக் கொன்றுவிட்டான். ராஜாவே இரக்கப்பட்டு, 'உங்களுக்கு வயசாயிடுச்சு, வேறு பிள்ளையும் இல்லை, அவனைக் கொல்ல வேண்டாம் என்று உத்தரவு போட்டுட்டேன்' என்கிறார். ஃபூ துன் ஒத்துக்கொள்ளவில்லை. கொன்றவன் சாகணும், இது எங்க கூட்டத்தின் சட்டம், ராஜா மன்னித்தாலும் நான் மன்னிக்க முடியாது என்று சொல்லி மகனுக்கு மரண தண்டனை நிறைவேற்றினார். நம்ம கதையில் கடைசியில் சிவபெருமான் வந்து கன்றையும் மகனையும் எழுப்பிவிடுகிறார். ஃபூ துன் கதையில் யாரும் வரவில்லை.

பாருங்க, உண்மையிலேயே ஒற்றுமை தேடிப் போனால் அது எங்கே கிடைக்கிறது? கன்ஃபூசியஸிடம் இல்லை, தாவோவிடம் இல்லை. தலைப்புக் கிடைக்காத மோ ட்சு வீட்டில். எல்லாம் ஒன்று என்று மேலிருந்து பார்த்தால் இந்தச் சொந்தம் கண்ணில் படாது. வித்தியாசத்தைக் கையால் தடவிப் பார்க்கிறவனுக்குத்தான் படும். அதே சமயம் நாமும் கன்ஃபூசியஸ் மாதிரி நம்ம வீட்டுப் பிள்ளை தப்புப் பண்ணினால் மறைக்கத்தான் பார்க்கிறோம், சிலை மட்டும் சோழனுக்கு வைக்கிறோம் என்பதும் இதில் சேர்ந்தே தெரிகிறது. அடுத்தவன் தத்துவத்தை அவனுடையதாகவே படித்தால் கிடைக்கிற லாபம் இதுதான். நம்ம முகத்தையே இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம்.

சட்டவாதி ஹான் ஃபெய் (கி.மு. 233-ல் சிறையில் செத்தவர்) அதே ஆடு திருடின கதையை எடுத்து, 'பார்த்தாயா, ராஜாவுக்கு நல்ல குடிமகன் அப்பனுக்குக் கெட்ட மகன், ரெண்டும் ஒண்ணா நடக்காது' என்று முடிச்சுப் போட்டார். ராஜா கையில் பரிசு, தண்டனை என்ற ரெண்டு பிடி இருந்தால் போதும், யாருடைய நல்ல மனசையும் நம்பாதே என்பது அவர் கட்சி. நம்ம திருக்குறளில் கண்ணோட்டம் 58-வது அதிகாரம், ஒற்றாடல் 59-வது. இரக்கத்தையும் வேவு பார்ப்பதையும் அடுத்தடுத்த அறைகளில் குடிவைத்த வள்ளுவரை ஹான் ஃபெய்யோடு உட்கார வைத்துப் பேசவிட்டால் எப்படி இருக்கும்? கன்ஃபூசியஸ் - வள்ளுவர் ஒப்பீடு போதும் போதும் என்கிற அளவுக்கு வந்தாச்சு. இதை யாராவது செய்யலாம்.

"அந்தக் காலத்தில் அவருக்கு இவ்வளவு விவரம் எங்கே கிடைத்திருக்கும்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ராதாகிருஷ்ணன் ஆங்கில வழியாகத்தான் சீனத்தைப் படித்தார். ஆனால் ஆங்கிலத்திலேயே இருந்தன. பழைய சீனத்தின் தர்க்கமுறை பற்றி ஹூ ஷி எழுதிய ஆய்வு 1922-ல் வந்துவிட்டது. மோ ட்சுவின் நூல் 1929-ல் மொழிபெயர்ந்துவிட்டது. ஃபங் யூலானின் சீனத் தத்துவ வரலாறு முதல் பாகம் 1937-ல் ஆங்கிலத்தில் கிடைத்தது. விவரம் இல்லாமல் இல்லை. அவர் தேடிப்போனது வேறு. ஆன்மிகத்தைத் தேடினவருக்கு, கோட்டை கட்டினவனும் தர்க்கம் பேசினவனும் சட்டம் போட்டவனும் முன்வரிசையில் தெரியவில்லை.

ஹூ ஷி என்றதும் இன்னொன்று. இந்தியா ஒரு சிப்பாயைக்கூட அனுப்பாமல் இருபது நூற்றாண்டு சீனாவைப் பண்பாட்டால் ஆண்டது என்று அவர் சொன்னதாக நம்மவர்கள் மேற்கோள் காட்டாத இடமில்லை. ஏதோ நற்சான்றிதழ் போல. ஹூ ஷியின் கட்சி என்ன தெரியுமா? இந்தியாவிலிருந்து வந்த பௌத்தம் சீனத்தின் சொந்த அறிவு மரபை அமுக்கிவிட்டது, அதிலிருந்து மீள வேண்டும் என்பது. 1936-ல் ஹார்வர்டின் முந்நூறாவது ஆண்டு விழாவில் 'சீனாவின் இந்தியமயமாக்கல்' பற்றி அவர் பேசியதே அந்த ஆதங்கத்தில்தான். மனுஷன் வலிக்குதுன்னு சொன்னதை நாம் பாராட்டுன்னு ஃபிரேம் போட்டு மாட்டி வைத்திருக்கிறோம். மறுபடியும் 'அவசரம் லேது' கதைதான்.

நம்ம சினிமா சும்மா இருக்குமா? 2011-ல் 'ஏழாம் அறிவு' வந்தபோது, காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசர் போதிதர்மர்தான் சீனாக்காரனுக்கு வைத்தியமும் சண்டையும் சொல்லிக்கொடுத்தார் என்று விசில் பறந்தது. போதிதர்மர் தெற்கிந்தியாவிலிருந்து வந்தவர் என்று ஒரு பழைய சீனக் குறிப்பு சொல்கிறது. கி.பி. 547 வாக்கில் எழுதப்பட்ட இன்னொரு குறிப்பு பாரசீகத்துக்காரர் என்கிறது. அதை விடுங்க. எனக்குக் கவலை வேறு. 'அவனிடம் இருப்பதெல்லாம் நாம் கொடுத்தது' என்பது 'அவனும் நாமும் ஒன்று' என்பதன் தம்பிதான். பெரியவர் பேச்சில் அடக்கமாக இருந்தது சினிமாவில் சட்டையைக் கழற்றிப் போட்டுக்கொண்டு ஆடியது, அவ்வளவுதான் வித்தியாசம். :-)

'இதெல்லாம் தத்துவ வகுப்புச் சமாச்சாரம், எங்களுக்கு என்ன?' என்று யாராவது கேட்டால், இருக்குங்க.

1954-ல் பஞ்சசீல ஒப்பந்தம், 'இந்தி சீனி பாய் பாய்'. 1957-ல் துணைக் குடியரசுத் தலைவராகச் சீனா போன ராதாகிருஷ்ணன், மாவோவின் கன்னத்தைச் செல்லமாகத் தட்டினார் என்று ஒரு கதை சொல்வார்கள். 1962 அக்டோபரில் போர். அப்போது அவர் குடியரசுத் தலைவர். போருக்கு எல்லைக்கோடு, திபெத், ராணுவத் தயாரிப்பு என்று ஆயிரம் காரணம். ஒரு தத்துவப் புத்தகத்தின் மேல் அந்தப் பழியைப் போட்டால் அது பைத்தியக்காரத்தனம். ஆனால் தோல்விக்குப் பின்னால் நாடு முழுக்க எழுந்த அந்த 'ஐயோ, அண்ணன் தம்பின்னு நினைச்சோமே' என்ற அழுகை இருக்கே, அது மட்டும் இதோடு சம்பந்தப்பட்டதுதான். அவனை அவனாகப் பார்த்திருந்தால் கோபம் வந்திருக்கும், பயம் வந்திருக்கும். அந்த அளவு அதிர்ச்சி வந்திருக்காது.

2020 ஜூனில் கல்வானில் நம்ம வீரர்கள் 20 பேர் இறந்தார்கள். அதில் ஒருவர் ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனி. உடனே நாம் செய்தது என்ன? செல்போனில் செயலிகளை அழித்தோம், டிவியில் கத்தினோம். 'பாய் பாய்' ஒரு கோடி, 'ஒழிக ஒழிக' இன்னொரு கோடி. நடுவில் 'இவங்க யாரு, என்ன படிக்கிறாங்க, தங்களுக்குள்ளே எதுக்குச் சண்டை போடுறாங்க' என்று கேட்கிற இடம் காலி.

தங்களுக்குள்ளே நிறையவே சண்டை போட்டிருக்கிறார்கள். 1919-ஐ ஒட்டிய காலத்தில் கன்ஃபூசியஸ் கடையை மூடு என்றார்கள் இளைஞர்கள். 1973-74-ல் மாவோ காலத்திலேயே கன்ஃபூசியஸைத் திட்டவும் சட்டவாதிகளைப் புகழவும் ஒரு பெரிய இயக்கம் நடந்தது. 2004-லிருந்து அதே அரசு உலகம் முழுக்கக் கன்ஃபூசியஸ் பெயரில் மொழிப் பள்ளிகள் திறந்தது. 2016 ஆகஸ்டில் விண்ணில் விட்ட குவாண்டம் செயற்கைக்கோளுக்கு யார் பெயர் வைத்தார்கள் தெரியுமா? மோ ட்சு! இருட்டறையில் சின்ன ஓட்டை வழியாக வெளிச்சம் வந்தால் பிம்பம் தலைகீழாக விழும் என்பதை அவர் கூட்டத்தார் அன்றைக்கே எழுதி வைத்திருந்தார்கள், அதற்கு மரியாதை. இரண்டாயிரம் வருஷம் ஓரமாகக் கிடந்த ஆள் விண்வெளிக்குப் போய்விட்டார். நம்ம அலமாரியில் இன்னும் ரெண்டே நாற்காலி.

எங்க எல்லைப் பகுதியில் தமிழும் தெலுங்கும் இத்தனை காலம் சேர்ந்து வாழ்ந்தது 'ரெண்டும் ஒண்ணுதான்' என்று சொல்லி இல்லை. அப்படிச் சொன்னால் ரெண்டு பக்கமும் கோபம் வரும். அவன் மொழியில் 'அவசரம்' என்றால் என்ன என்று கற்றுக்கொண்டதால் வாழ்ந்தோம். அதில் பாசம் குறைவாக இருக்கிற மாதிரி வெளியில் இருந்து பார்க்கிறவர்களுக்குத் தோணும். உண்மையில் அதற்குத்தான் பாசம் அதிகம் வேண்டும். ஒண்ணுன்னு சொல்ல ஒரு நிமிஷம் போதும், கற்றுக்கொள்ள ஆயுசு வேண்டும்.

சுவாங் ட்சுவின் நூலில் ஒரு சக்கரம் செய்கிற தச்சர் வருவார். மேலே உட்கார்ந்து புத்தகம் படிக்கிற பிரபுவைப் பார்த்து, 'செத்தவர்கள் விட்டுப்போன சக்கையைத்தானே படிக்கிறீர்கள்? என் கைப்பழக்கத்தை என் மகனுக்கே என்னால் வார்த்தையில் சொல்லிக்கொடுக்க முடியவில்லை' என்பார். எங்க ஊரில் தறி ஓட்டுகிற எந்தப் பெரியவரும் இதை ஒத்துக்கொள்வார். இழை அறுபடப் போவது சத்தத்திலேயே தெரியும் அவர்களுக்கு, எப்படி என்றால் சொல்லத் தெரியாது. புத்தகம் படித்து நாடுகளைப் புரிந்துகொண்டோம் என்று நினைக்கிற எல்லோருக்கும், இந்தப் பதிவையும் சேர்த்து, அந்தத் தச்சரின் கேள்வி பொருந்தும்.

ஆனாலும் சக்கையாவது வேண்டுமே! லாவோட்சுவைத் தமிழில் படிக்க சி. மணி மொழிபெயர்த்த 'தாவோ தே ஜிங்' இருக்கிறது, க்ரியா வெளியீடு. சீனத்திலிருந்து நேராகவே பழைய கவிதைகளைத் தமிழுக்குக் கொண்டுவந்த பயணியின் 'வாரிச் சூடினும் பார்ப்பவரில்லை' காலச்சுவடில் வந்திருக்கிறது. ஆங்கிலத்தைச் சுற்றாமல் மூலத்துக்கே போன ஆள் அவர். அந்த வழியில் இன்னும் பத்துப் பேர் போகணும். மோ ட்சுவும் ஹான் ஃபெய்யும் நல்ல தமிழில் பேசணும்.

ராதாகிருஷ்ணனைப் படியுங்கள். குண்டு விழுந்துகொண்டிருந்த நாட்டுக்கு அன்போடு போய்ப் பேசின மனுஷர். அவர் திறந்த கதவு பெரிய கதவு. அதன் வழியாக உள்ளே போய், அவர் பார்க்காமல் விட்ட அறைகளையும் பார்த்துவிட்டு வருவதுதான் ஒரு ஆசிரியருக்கு மாணவன் செய்கிற மரியாதை என்று நான் நினைக்கிறேன். அடுத்த செப்டம்பர் 5-க்கு மேடையில் பேசப் போகிற எங்க பக்கத்து வாத்தியார் யாராவது இதைப் படித்தால், மிட்டாய் கொடுக்கிறதுக்கு முன்னாடி பிள்ளைங்ககிட்ட இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்க: அப்பா ஆடு திருடினால் நீ சாட்சி சொல்லுவியா, மறைப்பியா? பதில் என்ன வந்துச்சுன்னு எனக்கும் எழுதுங்க.